பை கிழித்த செடிகள்

கருஞ்சிறுத்தைக் கூண்டின் முன்னால் ஆறு பெண்கள் காலையிலிருந்து குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். கூண்டு என்று சொல்லக் கூடாது, 'வாழிடம்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று போன வாரம் சுற்றறிக்கை வந்திருந்தது. வாழிடத்துக்குள் சிமெண்டுப் பாறை இருந்தது, மோட்டார் போட்டால் விழும் அருவி இருந்தது, கம்பி கட்டிச் சிமெண்டு பூசிப் பழுப்பு வண்ணம் அடித்த மரம் ஒன்றும் இருந்தது. சிறுத்தை மட்டும் இன்னும் வரவில்லை. மூன்று நாளில் திறப்பு விழா. அதற்குள் பார்வையாளர்கள் நிற்கும் பக்கம் முழுக்க மழைக்காடு முளைத்தாக வேண்டும்.

மழைக்காடு இரண்டு லாரிகளில் வந்து இறங்கியிருந்தது. ஹெலிகோனியா, குரோட்டன்ஸ், அரேகா பனை, பெரணி என்று தொள்ளாயிரம் செடிகள், ஒவ்வொன்றும் கறுப்பு பாலிதீன் பையில். எதை எங்கே வைப்பது என்று வடிவமைப்பாளர் ஒருவர் வண்ண வண்ண வட்டமாகப் படம் போட்டுக் கொடுத்திருந்தார். அந்த இடத்தில் முன்பு பெரிய புங்கமரம் ஒன்று நின்றது. பார்வையை மறைக்கிறது என்று அவர்தான் அதை வெட்டச் சொன்னார். நிழலை வெட்டி வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, நிழலில் மட்டுமே பிழைக்கும் பெரணியை அதே இடத்தில் வரிசையாக வைக்கச் சொன்னார். நிறையப் படித்தவர் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆறு பெண்களில் மூத்தவள் கத்திரியக்கா. வேலிச்செடியை மட்டமாக வெட்டுவதில் அவள் கைக்கு நூல் பிடிக்கத் தேவையில்லை. அதனால் வந்த பெயர். பதினாறு வருடமாகத் தினக்கூலி. மேஸ்திரி என்ற பெயரும் கிடையாது, அதற்கான கூலியும் கிடையாது. ஏதாவது தப்பு நடந்தால் மட்டும் அவள்தான் மேஸ்திரி. தீவனக் கிடங்குக்குப் பின்னால் ஊழியர்களுக்கென்று இருந்த ஒற்றை அறைகளில் ஒன்றில் அவளும் வீட்டுக்காரரும் இருந்தார்கள். அவர் இதே இடத்தில் தீவன வண்டி தள்ளியவர். பிரேக் பிடிக்காத வண்டி சரிவில் உருண்டு வந்து இடுப்பை நசுக்கியதில் இருந்து கட்டிலோடு கிடக்கிறார். இப்போது அறை அவள் வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வேலை போனால் அன்றே பாயைச் சுருட்ட வேண்டும்; நடக்க முடியாதவரை எங்கே தூக்கிக்கொண்டு போவது என்பது அவள் ஒவ்வொரு நாளும் யோசித்து, விடை தெரியாமல் விட்டுவிடும் கேள்வி.

கண்காணிப்பாளர் பத்தரை மணிக்கு வந்தார். அவரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அத்தர் என்பார்கள். மிருக வாடை ஆகாது என்று சட்டைப்பையில் சின்ன அத்தர் சீசா வைத்திருந்தார். மிருகக்காட்சிசாலையில் வேலை பார்த்துக்கொண்டே இருபது வருடமாக மிருகங்களிடமிருந்து மூக்கைக் காப்பாற்றி வந்தவர். வரிசையாக நின்ற செடிகளைப் பார்த்துவிட்டு, கத்திரியக்காவைக் கூப்பிட்டார்.

"எல்லாத்தையும் பையோடவே குழியில இறக்குங்க. பையைக் கிழிக்க வேண்டாம். மேல மண்ணைப் போட்டு மறைச்சிடுங்க."

"பையோட வெச்சா வேர் எங்க சார் போகும்?"

"மூணு நாள்ல முடியணும்மா. ஒவ்வொண்ணா கிழிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா ஆகுமா? சொன்னதைச் செய்."

அவர் போன பிறகு கத்திரியக்கா பக்கத்தில் குழி தோண்டிய நெட்டை என்பவளைப் பார்த்துச் சிரித்தாள். அத்தருக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். போன வருடம் அவர் அறையில் இருந்த தொட்டிச் செடிக்கு ஒரு மாதமாக யாரும் தண்ணீர் ஊற்றவில்லை என்று அவளைக் கூப்பிட்டுக் கத்தினார். அவள் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து, அந்த பிளாஸ்டிக் செடியைத் துடைத்து வைத்துவிட்டு வந்தாள். அவர் அப்போதும் சிரிக்கவில்லை. அப்படிப்பட்ட ஆள் பையோடு வை என்றால் அது விவரம் கெட்டத்தனம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை. அவளுடைய தப்பு அங்கேதான் தொடங்கியது.

அவளுக்குப் பயமும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பறவைப் பாதையில் இதே மாதிரி அவசரமாகப் பையோடு செடி வைத்தார்கள். வரவேண்டிய பெரிய மனிதர் வருகையைத் தள்ளித் தள்ளிப் போட்டார். செடிகள் பைக்குள்ளேயே வேர் சுருண்டு, வெயிலில் வெந்து, ஒரு மாதத்தில் சருகாகிவிட்டன. அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்த தோட்டக்காரர் தண்ணீர் ஊற்றவில்லை என்று எழுதி அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவர் காலையும் மாலையும் ஊற்றியதை எல்லோரும் பார்த்தார்கள். பையைப் பற்றி யாரும் பேசவில்லை. கத்திரியக்காவும் பேசவில்லை, அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் தன் மேலேயே எரிச்சல் வரும்.

அதனால் அவள் கிழித்தாள். குழியில் இறக்குவதற்கு முன்னால் பிளேடால் பையின் அடியில் ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு கோடு. வேரைச் சுற்றியிருக்கும் தாய்மண் உடையாமல் இடது கையில் தாங்கிக்கொண்டு, வலது கையால் பையை உருவி எடுத்துவிடுவாள். மற்ற ஐந்து பேரையும் அப்படியே செய்யச் சொன்னாள். நெட்டை மட்டும், சார் வேண்டாம்னு சொன்னாரே என்று இழுத்தாள். செடி செத்தால் அந்தச் சார் வந்து உனக்காகப் பேசுவாரா என்று கத்திரியக்கா கேட்டதும் அவளும் பிளேடை எடுத்தாள். சாப்பாட்டு நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, சொன்ன மூன்று நாளில் வேலையை முடித்தார்கள். மான் ஒன்று பிளாஸ்டிக் தின்று செத்த பிறகு, வளாகத்துக்குள் ஒரு பாலிதீன் துண்டு கிடக்கக் கூடாது என்று விதி இருந்தது. அதனால் கிழித்த பைகளையெல்லாம் நூறு நூறாகக் கட்டி ஸ்டோரில் ஒப்படைத்து ரசீதும் வாங்கிவந்தாள். ரசீதைப் பத்திரமாக மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

திறப்பு விழா நன்றாகவே நடந்தது. திறந்துவைக்க வந்த பெரிய மனிதர் பதினொரு நிமிடம் இருந்தார். முந்தின நாள்தான் வந்து இறங்கிய சிறுத்தை, பயணத்தில் மிரண்டுபோய்ப் பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. அவர் காலிப் பாறையைப் பார்த்துக் கைதட்டினார். கூட வந்தவர்களும் காலிப் பாறைக்குக் கைதட்டினார்கள். பிறகு செடிகளைப் பார்த்து, பச்சைப்பசேலென்று இருக்கிறதே என்றார். அத்தர் ஏதோ பத்து மாதம் சுமந்து பெற்றவர் மாதிரி தலையைக் குனிந்து நின்றார். பெண்கள் ஆறு பேரையும் படத்தில் விழாமல் இருக்கக் கழிப்பறைக் கட்டிடத்துக்குப் பின்னால் நிற்கச் சொல்லியிருந்தார்கள். அங்கிருந்தே அவர்களுக்குக் கைதட்டல் கேட்டது.

அடுத்த மூன்று வாரத்தில் செடிகள் பிடித்துக்கொண்டன. குரோட்டன்ஸ் புது இலை விட்டு நிறம் ஏறியது. ஹெலிகோனியாவின் தூரில் குத்துக் குத்தாக முளை கிளம்பியது. பெரணிக்கு மட்டும் நிழல் போதவில்லை. கத்திரியக்கா பனைமட்டையை வெட்டிவந்து அவற்றுக்கு மேல் பந்தலாகச் செருகினாள். வேலை முடிந்து அறைக்குப் போகும்போது சுற்று வழியாக அந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டுத்தான் போவாள். ஒரு செடிகூடச் சாகவில்லை. இந்த வருடம் யாரும் தன்மேல் எதையும் எழுத முடியாது என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

வார விடுமுறை நாளன்று மிருகக்காட்சிசாலையை மூடிவிடுவார்கள், கூட்டம் வராது. அன்று தண்ணீர் திறக்க வந்தவள் சிறுத்தைப் பக்கம் ஆள் சத்தம் கேட்டு ஓடினாள். நாலு ஆட்கள் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பாத்தியின் ஓரத்தில் லாரி நின்றது. செடி வரவில்லை, இழுத்தால் தண்டு ஒடிந்தது, கடப்பாரையால் நெம்பினால் வேர் அறுந்தது. பாதிப் பாத்தி உழுதுபோட்ட மாதிரி கிடந்தது.

"யாருய்யா நீங்க? யாரைக் கேட்டுப் பிடுங்கறீங்க?"

"எங்க செடியை நாங்க எடுக்கறோம். பை எங்க போச்சு இதுக்கெல்லாம்?" என்றான் கடப்பாரைக்காரன். அவனுக்கும் நிஜமாகவே எரிச்சலாக இருந்தது.

கத்திரியக்கா பின்வாசலுக்கு ஓடி, காவலாளியிடம் செடித் திருடர்கள் என்று சொல்லி கேட்டைப் பூட்ட வைத்தாள். லாரி நம்பரையும் நேரத்தையும், இத்தனை செடி பிடுங்கப்பட்டது என்பதையும் வாசல் புத்தகத்தில் எழுதச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு அலுவலகத்துக்கு ஓடினாள். விடுமுறை நாளில் அத்தர் எப்படி அலுவலகத்தில் இருக்கிறார் என்று யோசிக்க அவளுக்கு மூச்சு இல்லை. அவர் எதிரே தங்கநிறக் கைக்கடிகாரம் கட்டிய ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். செடி அனுப்பிய நர்சரிக்காரர்.

"சார், கையும் களவுமா பிடிச்சிட்டேன். கேட்டைப் பூட்டியாச்சு. லாரி நம்பர் புத்தகத்துல ஏத்தியாச்சு."

அத்தர் சீசாவை எடுத்து மூடியைத் திறந்து, மறுபடி மூடினார்.

நர்சரிக்காரர்தான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "பையைக் கிழிச்சது நீதானா?"

"ஆமாங்க. ஒண்ணு விடாம கிழிச்சிட்டுத்தான் வெச்சேன். அதான் இப்படிப் பிடிச்சிருக்கு. பையெல்லாம் ஸ்டோர்ல குடுத்து ரசீதுகூட வாங்கியிருக்கேன்."

சொல்லி முடித்துவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட விதத்தில்தான் அவளுக்கு மெல்ல மெல்ல உறைத்தது.

மீதியை ஸ்டோர்காரர் அன்று மாலை காதும் காதும் வைத்த மாதிரி சொன்னார். செடிகள் விலைக்கு வாங்கியதாகக் கோப்பில் இருந்தது. உண்மையில் விழாவுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டியவை. பையோடு இருந்தால் குழியிலிருந்து தூக்கி வண்டியில் வைத்தால் தீர்ந்தது. அடுத்த வாரம் ஒரு ஓட்டலில் விழா, அதற்கடுத்து ஒரு கல்யாண மண்டபம். அந்த அரேகா பனைகள் இதுவரை ஏழு திறப்பு விழாக்களைப் பார்த்திருந்தன. அத்தரைவிட அதிகமாகப் பெரிய மனிதர்கள் பக்கத்தில் நின்றவை அவை. இந்த விஷயம், வம்பு எதற்கென்று பைகளை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்த ஸ்டோர்காரருக்குத் தெரியும், வாசல் காவலாளிகளில் இரண்டு பேருக்குத் தெரியும், டீ வாங்கிவருகிற பெண்ணுக்குக்கூடத் தெரியும். பதினாறு வருடம் மண்ணைக் கிளறியவளுக்கு மட்டும் தெரியவில்லை.

வாசல் புத்தகத்தில் எழுதியதைக் கிழிக்க முடியாது. அதன் நகல் அன்றன்றைக்குத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். போயும்விட்டது. நாலாம் நாள் விசாரிக்க ஆள் வருகிறார் என்று அங்கிருந்து போன் வந்தது. ஆகவே ஒரு கதை வேண்டும். செடிகள் செத்துப்போய்விட்டன, செத்ததை எடுத்துவிட்டு வேறு வைக்க லாரி வந்தது, விவரம் தெரியாத கூலிக்காரி கூச்சல் போட்டுவிட்டாள் என்று அத்தர் ஒரே மூச்சில் கதையை முடித்துவிட்டார். செடியைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்குச் செடியைச் சாகடிப்பது எவ்வளவு சுலபமாக வந்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். மூன்று வாரமாக அவள் தண்ணீரே ஊற்றவில்லை என்று தட்டச்சு செய்த காகிதத்தை அவள் முன்னால் நீட்டினார்.

அவர் கோபப்படவில்லை, பரிவாகவே பேசினார். கையெழுத்துப் போட்டால் மூன்று மாதம் வேலை கிடையாது, அவ்வளவுதான். பிறகு நர்சரிக்காரரின் ஆளாகத் திரும்பி வரலாம். அதுவரை அறையில் இருந்துகொள்ளலாம். போடாவிட்டால் அறையைச் சாயங்காலத்துக்குள் காலி செய்ய வேண்டியிருக்கும், தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். மற்ற ஐந்து பெண்களும் சாட்சியாக ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நெட்டையின் கையெழுத்து முதலில் இருந்தது. நீளமாக, அழகாக, அவசரமில்லாமல் போட்டிருந்தாள்.

காலை வரை தவணை வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தாள். வீட்டுக்காரர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். இடுப்பு வலிக்கும்படி சிரித்தார்.

"ரசீதைக் காட்டினா என்ன? வர்ற ஆள் கிட்ட உள்ளதைச் சொன்னா என்ன?" என்று கேட்டாள்.

"காட்டு. விசாரிக்க வர்றவரு எங்க தங்குவாரு தெரியுமா? அந்தச் செடி போக வேண்டிய ஓட்டல்லதான்."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சொன்னார். "வண்டி உருண்டப்ப நான் தூங்கிட்டேன்னு எழுதிக் குடுத்தேன். தண்ணி ஊத்தலைன்னு நீ எழுதிக் குடு. பொருத்தம் பார்த்துத்தான் நம்மளைச் சேர்த்து வெச்சிருக்காங்க."

அவர் குரலில் இருந்த ஏளனம் அத்தர்மேல் மட்டும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அந்த நேரம் அவளுக்கு அவரைப் பிடிக்கவில்லை. தன்னையும் பிடிக்கவில்லை. அவரை அப்படியே புரட்டி, முதுகுப் புண்ணுக்கு மருந்து தடவி, துணி மாற்றிவிட்டாள். கட்டிலின் கால்மாடு அறையின் ஒரு சுவரையும் தலைமாடு எதிர்ச் சுவரையும் தொட்டுக்கொண்டிருந்தன. இந்தக் கட்டிலை நடுத்தெருவில் போட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் பார்த்தாள். காலையில் போய்க் கையெழுத்துப் போட்டாள்.

அதோடு முடியவில்லை. பாதிச் செடி பாத்தியில் தளதளவென்று நின்றால் தண்ணீர் ஊற்றாத கதை நிற்காது. மீதி இருந்ததையும் பிடுங்கச் சொன்னார் அத்தர். ஆறு பேரும் பிடுங்கினார்கள். கத்திரியக்கா பழக்க தோஷத்தில் ஒவ்வொன்றையும் தாய்மண்ணோடு பதமாக எடுத்து வைக்க, அத்தர் பின்னால் நின்று மண்ணை உதறச் சொன்னார். வேரில் ஈரமண் ஒட்டியிருந்தால் யார் நம்புவார்கள்? அவள் ஒவ்வொன்றாகக் கல்லில் தட்டி உதறினாள். வேர்கள் வெள்ளை வெளேரென்று சாண் நீளத்துக்கு இறங்கியிருந்தன.

தொள்ளாயிரம் செடிகளையும் கூண்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தளத்தில் வெயிலில் பரப்பினார்கள். விசாரிக்கிறவர் வருவதற்குள் சாவதற்கு இரண்டு நாள் இருந்தது. அதுவரை காவலுக்குக் கத்திரியக்கா. மான் பகுதி ஆள் தழைக்கு எடுத்துப் போகாமல், தெரியாத யாரும் தண்ணீர் தெளித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் வெயில் சரியாக அடித்தது. குரோட்டன்ஸ் இலைகள் தொங்கிப்போயின, பெரணி மதியத்துக்குள் பொடிந்துவிட்டது. ஹெலிகோனியா மட்டும் சாக மாட்டேன் என்றது. படுத்த வாக்கிலேயே ஒரு தண்டில் சிவப்பு மடல் விரிந்திருந்தது. அத்தர் வந்து பார்த்து, அதைக் கிள்ளி எறிந்துவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் மதியம் மேகம் கட்டியது. மூன்று மணிக்கு முதல் தூறல் விழுந்ததுமே அலுவலகத்திலிருந்து நெட்டை ஓடிவந்தாள். கத்திரியக்காவின் முகத்தைப் பார்க்காமல், மழை பட்டால் பிழைத்துக்கொள்ளுமாம், உடனே மூடச் சொன்னார் என்றாள். தீவனக் கிடங்கிலிருந்து இரண்டு தார்ப்பாயை இழுத்துவந்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு செடிகள்மேல் விரித்தார்கள். காற்று தூக்கித் தூக்கி அடித்தது. கத்திரியக்கா முழங்காலால் ஒரு ஓரத்தை அழுத்திக்கொண்டு செங்கல் வைத்துக்கொண்டே போனாள். பதினாறு வருடத்தில் மழை வந்தால் செடிகளைத் திறந்துவிட ஓடியிருக்கிறாள், மூடுவதற்கு ஓடியதில்லை.

மழை கொட்டியது. தார்ப்பாய்மேல் தண்ணீர் ஓடி ஓரங்களில் வழிந்து, சிமெண்டுத் தளத்தில் சாக்கடைப் பக்கம் போயிற்று. நெட்டை அழுதாளோ, முகத்தில் மழையோ தெரியவில்லை. அவள் ஓடிப்போய்க் கூரையின் கீழ் நின்றுகொண்டாள். கத்திரியக்கா நனைந்தபடி ஓரமாக ஒரு சுற்று நடந்து பார்த்தாள். கடைசி மூலையில், தார்ப்பாய் எட்டாத இடத்தில் ஒரு ஹெலிகோனியா முளை விரல் நீளம் வெளியே நீட்டிக்கொண்டு மழையில் நனைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கால் கட்டைவிரலால் அதை உள்ளே தள்ளி, தார்ப்பாயை இழுத்துவிட்டு, அதன்மேல் ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்தாள்.